நான்கு சதுரம், ஓர் ஊர்

ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். விளைந்து நிற்கும் நெல்வயலில் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றுக்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் சரியாக 400-இல் ஒரு பங்கு. ஏக்கருக்கு இப்படி ஏறத்தாழ 162 சதுரங்கள் அடங்கும். சதுரத்தில் 10 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று ஏட்டில் ஏறும். தராசில் 100 கிராம் கூடவோ குறையவோ நின்றால் ஏட்டில் 40 கிலோ கூடும், அல்லது குறையும். அரசு அலுவலகங்களில் இதற்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை.

பயிர்க் காப்பீடு செய்திருக்கும் உழவருக்கு இழப்பீடு வருமா, வந்தால் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சதுரங்கள்தாம். தமிழ்நாட்டில் நெல்லுக்குக் காப்பீட்டு அலகு வருவாய்க் கிராமம். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, முதன்மைப் பயிருக்கு ஓர் ஊரில் குறைந்தது 4 பரிசோதனைகள் நடக்க வேண்டும். அரசு விதியில் ‘குறைந்தது’ என்று வருமிடத்தில் நடைமுறை எங்கே போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நான்கு சதுரம் என்றால் 100 சதுர மீட்டர். இரண்டரை சென்ட் நிலம்கூட முழுதாக இல்லை. ஊரில் 500 ஏக்கரில் சம்பா நின்றாலும் அந்த 500 ஏக்கரின் சார்பில் பேசுவது இந்த இரண்டரை சென்ட்தான்.

“என் வயலுக்கு யாரும் வரவே இல்லையே, எங்கோ அறுத்துவிட்டு எனக்கு நட்டமில்லை என்று எப்படிச் சொல்லலாம்?” விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. “ஐநூறு ஏக்கருக்கு இரண்டரை சென்ட்டா?” என்பது அதன் இன்னொரு வடிவம். இந்தக் கோபத்தில் பாதி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் எண்ணம். மறுபாதிக்கு இருக்கும் நியாயமோ, கோபப்படுகிறவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது புள்ளியியல்தான். பங்குச் சந்தை, கருத்துக்கணிப்பு, கிரிக்கெட் சராசரி என்று அன்றாடப் புள்ளியியலுக்கு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் சொல்லப்படுகின்றன. நாட்டில் கோடிக்கணக்கான குடும்பங்களின் வரவுசெலவைத் தொடும் இந்தச் சதுரத்தைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

முதலில் தவறான பாதி. மாதிரி எடுத்துக் கணிக்கும்போது பிழையின் அளவைத் தீர்மானிப்பது ஊரின் பரப்பு அல்ல. வயலுக்கு வயல் விளைச்சல் எவ்வளவு மாறுகிறது, எத்தனை இடத்தில் அறுத்தோம் என்ற இரண்டுதான் முக்கியம். ஒரே சீரான விளைச்சலுள்ள 5,000 ஏக்கரை 4 சதுரம் நன்றாகவே காட்டிவிடும். மேடும் பள்ளமும், வாய்க்கால் தலைப்பும் கடைமடையுமாகச் சிதறிக் கிடக்கும் 50 ஏக்கரை அதே 4 சதுரத்தால் காட்ட முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகிறது. வயல்கள் அப்படி வேகுவதில்லை.

ஆக, கேட்க வேண்டியது “எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு சதுரம்?” என்பதல்ல. அந்தச் சதுரத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், எப்படி? எத்தனை? கிடைத்த எண்ணை வைத்து என்ன முடிவு எடுக்கிறோம்? இந்த மூன்றுக்கும் விடை தேடி இந்தியப் புள்ளியியலாளர்கள் ஏறத்தாழ நூறாண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உலகப் புள்ளியியலுக்கு இந்தியா தந்த கொடைகளில் கணிசமான பகுதி வயல்வரப்பில் பிறந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

சதுரம் வருவதற்கு முன்பு கண் இருந்தது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்த காலத்தில் விளைச்சலுக்கும் அணாக் கணக்கு உண்டு. இயல்பான விளைச்சல் இத்தனை அணா என்று வைத்துக்கொண்டு, ஊர்க் கணக்கரான கர்ணமோ பட்வாரியோ வயலைப் பார்த்து “இந்த வருஷம் பத்தணா” என்று எழுதுவார். அந்தப் பின்னத்தை ‘இயல்பு விளைச்சல்’ என்ற இன்னோர் உத்தேச எண்ணால் பெருக்கி, அதைப் பரப்பால் பெருக்கினால் மாகாணத்தின் உற்பத்தி தயார். இயல்பு என்பதற்கு எத்தனை அணா என்பதே மாகாணத்துக்கு மாகாணம் மாறியது. விளைச்சலைக் கூட்டிச் சொன்னால் வரித் தள்ளுபடி கிடைக்காது என்பதால் ஊர் மட்டத்துக் கண்கள் பொதுவாகக் கொஞ்சம் குறைவாகவே பார்த்தன. அதில் வியப்பில்லை.

1920-களில் பிகார்–ஒரிசா மாகாணத்தில் நிலவரித் திட்ட அதிகாரியாக இருந்த ஜான் ஆஸ்டன் ஹப்பாக், பின்னாளில் ஒரிசாவின் முதல் ஆளுநர், கண்ணை நம்பக்கூடாது என்ற முடிவுக்கு வந்தார். வயலில் எந்த இடத்தில் அறுப்பது என்பது அறுப்பவரின் விருப்பத்தில் இருக்கக்கூடாது, தற்செயலிடம் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஒரு சிறிய முக்கோணச் சட்டத்தை வைத்து நெல் அறுத்து அவர் செய்த ஆய்வு 1927-இல் வெளியானது. நவீனப் புள்ளியியலின் தந்தையருள் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் அந்த வேலையின் பெருமையை உணர்ந்திருந்தார்.

கண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் ஃபிராங்க் யேட்ஸ் சொல்லும் சோதனை ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. ஏறத்தாழ 1,200 கற்களை மேசைமேல் பரப்பி, 12 பேரிடம், இந்தக் குவியலைச் சரியாகப் பிரதிபலிக்கும்படி 20 கற்களைப் பொறுக்குங்கள் என்றார்கள். ஒவ்வொருவரும் மூன்று முறை பொறுக்கினார்கள். பெரும்பாலான மாதிரிகளின் சராசரி எடை உண்மைச் சராசரியைவிட அதிகமாக இருந்தது. ஏமாற்ற யாருக்கும் காரணமில்லை; கல்லுக்கு வரியும் இல்லை, காப்பீடும் இல்லை. இருந்தும் கை பெரிய கல்லையே நாடியது. கற்களிலேயே இப்படியென்றால், வரப்பில் நின்று ‘சராசரியான’ இடம் பார்த்துக் கயிறு கட்டச் சொன்னால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் இன்றைய நடைமுறையில் புல எண்ணை முன்கூட்டியே தற்செயல் எண் அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று, கொடுக்கப்பட்ட தற்செயல் எண்களின்படி நீளவாட்டில் இத்தனை அடி, அகலவாட்டில் இத்தனை அடி வைத்து நடந்து, நின்ற இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கே பயிர் சாய்ந்து கிடந்தாலும் எலி கடித்திருந்தாலும் நகரக்கூடாது. மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வந்தால்தான் கட்டியது சதுரம், இல்லையென்றால் சாய்சதுரம். பத்தாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றம் வயலில் வேலை செய்யும் அரிய தருணம் இது.

சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய பிரசந்த சந்திர மகலனோபிஸ் 1937-இலிருந்து வங்காளத்தில் சணல் பயிருக்கு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, 1941-க்குள் அதை மாகாணம் முழுக்கக் கொண்டுசென்றார். சிறிய சிறிய வெட்டுகள், ஆனால் மிகப் பல இடங்களில், பயிற்சி பெற்ற முழுநேர ஆட்களைக் கொண்டு என்பது அவர் வழி. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த பாண்டுரங்க சுகாத்மே மாறுபட்டார். வெட்டு சிறிதானால் விளைச்சல் பொய்யாகக் கூடும், பெரிய சதுரமாக அறுங்கள், அதைச் செய்ய ஏற்கெனவே ஊரிலிருக்கும் வருவாய், வேளாண் ஊழியர்களே போதும் என்றார். 1946-இல் ‘நேச்சர்’ இதழில் சிறு வெட்டுகளின் ஒருதலைச் சாய்வு பற்றி எழுதினார்.

சுகாத்மே சொன்னதன் அடிப்படை எளியது. கயிற்றின் மேலேயே நிற்கும் குத்து உள்ளேயா வெளியேயா? அறுக்கிறவர் கை இயல்பாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி எல்லையெங்கும் சராசரியாக 2 சென்டிமீட்டர் கூடுதலாக அறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் சதுரத்தின் சுற்றளவு 20 மீட்டர்; கூடுதல் பரப்பு 0.4 சதுர மீட்டர், பிழை 1.6 சதவீதம். நான்கு அடி ஆரமுள்ள வட்டத்தில் அதே கை 3.3 சதவீதம் கூட்டிக் காட்டும். ஒரு மீட்டர் சதுரமென்றால் 8 சதவீதம். எத்தனை ஆயிரம் வயலில் அறுத்தாலும் இந்தப் பிழை குறையாது. தற்செயலால் வரும் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். சாய்வால் வரும் பிழை கூடவே வரும். இன்று நாம் 5 மீட்டர் சதுரம் போடுவதும், வேளாண் துறையின் உதவி அலுவலர்களே அதைப் போடுவதும் சுகாத்மேயின் வழி வென்றதற்கு அடையாளம். ஆனால் மகலனோபிஸின் வாதத்தில் ஒரு பாதியை, அதாவது ‘மிகப் பல இடங்களில்’ என்பதை, நாம் சேர்த்தே கைவிட்டோமா என்ற கேள்வி கட்டுரை முழுக்க நம்மோடு வரும்.

இந்த ஏற்பாடெல்லாம் எதற்காக உருவானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாகாணத்தில், மாவட்டத்தில் இவ்வாண்டு எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1943-இன் வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு அது உயிர்ப் பிரச்சினை. அந்த வேலைக்கு இந்தச் சதுரம் அருமையான கருவி. ஒரு மாவட்டத்தில் 100 ஊர், ஊருக்கு 4 வெட்டு என்றால் 400 வெட்டு. ஊருக்குள் வயலுக்கு வயல் விளைச்சல் சராசரியிலிருந்து 30 சதவீத அளவுக்குச் சிதறுகிறது என்று கொண்டால் (புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள்), அந்த 30-ஐ 400-இன் வர்க்கமூலமான 20-ஆல் வகுக்க வேண்டும். மாவட்டச் சராசரியின் திட்டப் பிழை 1.5 சதவீதம். உணவுத் துறைக்கு இதைவிடத் துல்லியம் தேவையில்லை.

காப்பீடு வந்து சேர்ந்தது இன்னொரு வழியாக. மைசூரின் ஜே.எஸ். சக்கரவர்த்தி மழை அளவை வைத்து உழவர்களுக்குக் காப்பீடு தரலாம் என்று 1920-லேயே ஒரு நூல் எழுதினார். நாடு விடுதலை பெற்றபின் ஒவ்வொரு உழவரின் நட்டத்தையும் தனித்தனியே மதிப்பிடும் முயற்சி 1972-இல் குஜராத்தில் பருத்திக்கு நடந்தது; செலவு தாங்கவில்லை. 1976-இல் பொருளியலாளர் வி.எம். தாண்டேகர் வேறொரு யோசனை சொன்னார். தனி வயலைப் பார்க்க வேண்டாம். ஒரே தன்மையுள்ள பரப்பை ஓர் அலகாக எடுத்து, அதன் சராசரி விளைச்சல் விழுந்தால் அங்குள்ள எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொடுக்கலாம். சராசரியைக் கண்டுபிடிக்கத்தான் அறுவடைப் பரிசோதனை ஏற்கெனவே நடக்கிறதே!

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தன் வயலைக் கவனிக்காமல் விட்டுவிட்டு இழப்பீடு வாங்கலாம் என்று யாரும் நினைக்க முடியாது, ஏனென்றால் ஒரு வயல் ஊர்ச் சராசரியை அசைக்காது. ஒவ்வொரு வரப்புக்கும் ஆள் அனுப்பும் செலவும் இல்லை. 1979-இன் முன்னோட்டத் திட்டம், 1985, 1999 ஆண்டுகளின் திட்டங்கள், 2016-இன் இன்றைய திட்டம் எல்லாம் தாண்டேகரின் இந்த அடித்தளத்தில் நிற்பவை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற ஒருசில இடர்களுக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு. மற்றபடி உங்கள் வயல் முழுதும் காய்ந்தாலும் உங்கள் ஊர் காயாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமில்லை. “என் வயலுக்கு யாரும் வரவில்லையே” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: வரத் தேவையில்லை என்பதுதான் திட்டமே. காப்பீட்டுக் கட்டணம் கட்டும் மையத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். சிட்டா, அடங்கல், புல எண் என்று வயலின் ஜாதகத்தையே கேட்டு வாங்கிவிட்டு, பிறகு வயலைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இழப்பீட்டு வாய்பாட்டைப் பார்ப்போம். கடந்த ஏழாண்டு விளைச்சலில் மோசமான இரண்டாண்டுகளை விட்டுவிட்டு மற்ற ஐந்தின் சராசரி எடுக்கிறார்கள். அது ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்றும், ஈட்டுறுதி அளவு 80 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் வரம்பு விளைச்சல் 4,000 கிலோ. சதுரத்துக்கு 10 கிலோ. இவ்வாண்டு நான்கு சதுரங்களின் சராசரி 10 கிலோவோ அதற்கு மேலோ வந்தால் ஊருக்கு ஒரு பைசா இல்லை. 9.5 கிலோ வந்தால் குறைவு 5 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். காப்பீடு செய்த ஒவ்வோர் ஏக்கருக்கும் இது உண்டு, மேட்டு வயலில் வஞ்சனையில்லாமல் கண்டுமுதல் எடுத்தவருக்கும் சேர்த்து. சராசரி 9.99 கிலோவில் நின்றால் ஏக்கருக்கு 30 ரூபாய். வங்கிக் கணக்கில் சில பத்து ரூபாய் இழப்பீடு வரவானது என்று அவ்வப்போது செய்தி வந்து எல்லோரும் கொதிக்கிறோம். அது கேலி செய்ய யாரோ அனுப்பிய தொகை அல்ல, வகுத்தல் கணக்கின் விடை.

இனி நியாயமான பாதி. மாவட்டத்துக்கு 1.5 சதவீதமாக இருந்த பிழை, தனியொரு ஊருக்கு வரும்போது என்ன ஆகிறது? அதே 30-ஐ 4-இன் வர்க்கமூலமான 2-ஆல் வகுக்க வேண்டும். 15 சதவீதம். உண்மையான ஊர்ச் சராசரி சதுரத்துக்கு 10 கிலோ என்றால், நான்கு வெட்டின் சராசரி இருபதில் பத்தொன்பது முறை 7 கிலோவுக்கும் 13 கிலோவுக்கும் இடையில் எங்கோ விழும். அரைக் கிலோவுக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 30 சதவீதம் என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான். ஆற்றுப் பாசனத்தில் ஒரே ரகம் நட்ட ஊரில் அது பாதியாகலாம், பிழையும் பாதியாகும். ஏரி நிறைந்தும் நிறையாமலும் போகும் ராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் கூடவே செய்யும்.

நிலைமை இதைவிடவும் கொஞ்சம் மோசம். சிதறல் 30 சதவீதம் என்று நாம் வெளியிலிருந்து சொன்னோம். நிஜத்தில் அதையும் அதே நான்கு வெட்டிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். சின்ன மாதிரியில் இப்படி ஊகிப்பதன் ஆபத்தை முதலில் கணக்கிட்டவர் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். பார்லி விளைச்சலை ஒப்பிடும் வேலை அவருக்கு. கையில் எப்போதும் சில மாதிரிகளே. நிறுவனம் ஊழியர் பெயரில் ஆய்வு வெளியிட விடாததால் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். அவருடைய அட்டவணைப்படி நான்கே மாதிரி இருக்கும்போது திட்டப் பிழையை ஏறத்தாழ 2-ஆல் பெருக்கினால் போதாது, 3.18-ஆல் பெருக்க வேண்டும். அதாவது நான்கு எடைகளை மட்டும் வைத்துக்கொண்டு நேர்மையாகப் பேசுகிற புள்ளியியலாளர், “சராசரி 10 கிலோ, கூடவோ குறையவோ 4.8 கிலோ” என்று சொல்வார். நூற்றாண்டுக்கு முன் பார்லிக்குத் தெரிந்த இந்த விஷயம் நெல்லுக்கு இன்னும் விதிப் புத்தகத்தில் ஏறவில்லை.

நல்லது, பிழை இருபக்கமும் விழுகிறது, சில ஊர் பெறும், சில ஊர் இழக்கும், மொத்தத்தில் சமன் ஆகிவிடும் என்று தோன்றலாம். விளைச்சலில் சமன் ஆகும். பணத்தில் ஆகாது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உண்மைச் சராசரி சரியாக 10 கிலோவில், வரம்பிலேயே நிற்கும் 100 ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊருக்கும் நட்டமில்லை; கொடுக்க வேண்டியது பூஜ்யம். நான்கு வெட்டின் சிதறலால் 50 ஊர்களில் 10-க்கு மேல் வரும், 50 ஊர்களில் கீழே வரும். மேலே வந்த ஊர்கள் எதையும் திருப்பிக் கட்டப் போவதில்லை. கீழே வந்தவை இழப்பீடு பெறும். கணக்குப் போட்டால் 100 ஊர்களுக்கும் சேர்த்துச் சராசரியாகக் காப்பீட்டுத் தொகையில் 6 சதவீதம், ஏக்கருக்கு 1,800 ரூபாய், வெறும் தற்செயலுக்காகப் போகிறது. சம்பாவுக்கு உழவர் கட்டும் பங்கு ஒன்றரை சதவீதம், நம் கணக்கில் 450 ரூபாய், என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும்.

இப்போது உண்மையிலேயே 10 சதவீதம் இழந்த 100 ஊர்களை எடுங்கள். சதுரத்துக்கு 9 கிலோதான் இருக்கிறது. ஏக்கருக்கு 3,000 ரூபாய் வர வேண்டும். அவற்றில் ஏறத்தாழ 23 ஊர்களில் நான்கு வெட்டின் சராசரி தற்செயலாக 10-ஐத் தாண்டிவிடும். அந்த ஊர்களுக்கு ஒன்றும் கிடையாது. யாரும் திருடவில்லை, யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை, முளையும் கயிறும் தராசும் சரியாகவே இருந்தன. அரசு கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகவே கொடுக்கிறது. ஆனால் பெற வேண்டியவரில் நாலில் ஒருவருக்குப் போய்ச் சேர்வதில்லை. காப்பீடு என்று பெயர் வைத்து அதற்குள் ஒரு குலுக்கலை ஓட்டுகிறோம்.

ஊரை அலகாக்கியது உழவர்கள் கேட்டதால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1985-இன் திட்டத்தில் அலகு பெரிது. வட்டத்தின் ஒரு மூலை காய்ந்தாலும் மறு மூலை விளைந்தால் கையை விரித்தார்கள். அலகைச் சுருக்கு என்று போராடினார்கள், சுருக்கினார்கள். சுருக்கியபோது வெட்டும் ஊருக்கு நாலாகச் சுருங்கியது. ஊர்ச் சராசரி ஐந்து சதவீதத் துல்லியத்தில் வேண்டுமென்றால் நம் 30 சதவீதச் சிதறலுக்கு 138 வெட்டு தேவை. சிதறல் 15 என்றாலும் 35. தமிழ்நாட்டில் 16 ஆயிரத்துக்கு மேல் வருவாய்க் கிராமங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நெல் இல்லைதான். ஆனாலும் அறுவடையின் சில வாரங்களுக்குள், இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பு, ஊருக்கு 35 முறை கயிறு கட்ட எந்தத் துறையிடமும் ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பேசியாக வேண்டும். ‘உணவு உற்பத்தி எவ்வளவு’ என்பதற்காக மட்டும் அறுத்த காலத்தில் அந்த எண்ணின்மேல் யாருக்கும் பெரிய ஆசை இல்லை. இன்று அதன் பின்னால் பணம் நிற்கிறது. வரப்பில் நிற்கும் உழவர் எடை குறைய வேண்டும் என்று விரும்புவார். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் கூட வேண்டும் என்று விரும்புவார். நடுவில் தராசைப் பிடித்திருக்கும் உதவி வேளாண் அலுவலர் நாளைக்கும் அதே ஊருக்குள் போய்வர வேண்டியவர். ஓர் அளவை இலக்காக மாறினால் நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடும் என்ற கருத்துக்கு வித்திட்டவர் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட். அவர் 1975-இல் எழுதியது பணக் கொள்கை பற்றி. வரப்பில் நிற்பவர்களுக்கு அது விளக்கமே தேவைப்படாத செய்தி.

கைபேசிச் செயலியில் புகைப்படமும் இடக்குறியும் பதிய வேண்டும் என்று வந்ததில், வயலுக்கே போகாமல் படிவம் நிரப்புவது கடினமாகியிருக்கும். எடையைத் திருத்துவது அவ்வளவு கடினமல்ல. ஆனால் கற்பனை எண்களைக் காட்டிக்கொடுக்க ஒரு வழி உண்டு. மெண்டலின் பட்டாணிச் சோதனை முடிவுகள் கோட்பாட்டோடு நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று 1936-இல் ஃபிஷர் காட்டினார். இங்கும் அதே தர்க்கம்தான். சிதறல் 30 சதவீதமுள்ள ஊரில் நான்கு வெட்டு எடுத்தால், சராசரி 10 கிலோ என்னும்போது, மிகக் கூடிய எடைக்கும் மிகக் குறைந்த எடைக்கும் இடைவெளி சாதாரணமாக 6 கிலோ இருக்கும். 9.8, 10.1, 9.9, 10.0 என்று ஊருக்கு ஊர் அழகாக வந்தால் அது வயலில் விளைந்த எண் அல்ல. நிஜமான வயல் ஒழுங்கற்றது. உட்கார்ந்து எழுதுகிற கைதான் ஒழுங்கை விரும்பும். மாவட்டம் முழுவதற்கும் இந்த இடைவெளியை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்தால் ஒரு மாலை நேரத்தில் சந்தேகத்துக்குரிய ஊர்களைக் குறித்துவிடலாம்.

வானத்திலிருந்து பார்த்தால் தீருமா? 2023-இலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் தொலையுணர்வு வழியான கணிப்புக்கு 30 சதவீத எடை தர வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சம்பா நிற்பது வடகிழக்குப் பருவமழையில். மேகம் மூடினால் சாதாரண செயற்கைக்கோள் குருடு. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை வைத்து நெற்பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் வேலையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து செய்திருக்கிறது. செயற்கைக்கோள் தராசு ஆகாது. பச்சையைப் பார்க்கும், மணியைப் பார்க்காது. பூக்கும் நேரத்து மழையில் பதராகப் போன கதிர் மேலிருந்து நல்ல கதிர்போலவே தெரியக்கூடும்.

ஆனால் தராசுக்குத் துணையாக அதை வைக்கும் முறை பழையது, சோதிக்கப்பட்டது. 1988-இல் பேட்டிஸ், ஹார்ட்டர், ஃபுல்லர் என்ற மூவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 12 கவுண்டிகளின் மக்காச்சோள, சோயாப் பரப்பைக் கணித்தார்கள். சில கவுண்டிகளில் நேரில் அளந்த மாதிரித் துண்டு ஒன்றே ஒன்றுதான். அவர்கள் ஒவ்வொரு கவுண்டியையும் தனித்து விடவில்லை. செயற்கைக்கோள் படத்துக்கும் நில அளவுக்கும் உள்ள உறவை எல்லாக் கவுண்டிகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, அதைக் கொண்டு ஒவ்வொன்றின் கணிப்பையும் திருத்தினார்கள். தரவு குறைந்த ஊர், பக்கத்து ஊர்களிடமிருந்து பலம் கடன் வாங்குகிறது என்பது இதன் உட்பொருள். சிறுபரப்புக் கணிப்பு என்று இன்று தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. அதன் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவரான ஜே.என்.கே. ராவ் இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றியவர். வருவாய்க் கிராமத்தின் எல்லை வெள்ளத்தைக் கேட்டு வரைந்ததல்ல. ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு ஊர்களில் ஒன்றில் 7 கிலோவும் மற்றதில் 12 கிலோவும் வந்தால், இரண்டையும் தனித்தனி உண்மையாக எடுத்துக்கொள்வதைவிட ஒன்றின் துணையோடு மற்றதைத் திருத்திக்கொள்வதே அறிவு.

30 சதவீதம், 70 சதவீதம் என்று நாடு முழுக்க ஒரே எடை போடுவது இந்த முறையின் முரட்டு வடிவம். வெட்டு அதிகமுள்ள ஊரில் தராசுக்கும், குறைந்த ஊரில் படத்துக்கும் கூடுதல் எடை தருவதுதான் அதன் முறையான வடிவம். கணினிக்கு இது சிரமமே இல்லை. செலவும் பெரிதல்ல. இன்னும் எளிதாகச் செய்யக்கூடியது, ஊராட்சி அலுவலகப் பலகையில் சராசரியோடு நான்கு எடைகளையும், அவற்றிலிருந்து வரும் பிழை எல்லையையும் எழுதி ஒட்டுவது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. துல்லியம் கூடினால், உண்மையில் நட்டமடைந்தும் விடுபட்டுப் போகும் 23 ஊர்களுக்குப் பணம் வரும். கூடவே, நட்டமில்லாமல் தற்செயலால் பெற்றுவந்த ஊர்களுக்கு நின்றுபோகும். மொத்தத்தில் வழங்கும் தொகை இப்போதைவிடக் குறையவே செய்யும், ஏனென்றால் இன்றைய தொகையில் ஒரு பகுதி பிழைக்குக் கொடுக்கும் விலை. இதை நிதித்துறை விரும்பலாம். விவசாயச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, கணக்கைச் சரிசெய்யச் சொல்கிறோம், அதனால் மாவட்டத்துக்கு வரும் பணம் குறையும், ஆனால் போக வேண்டிய ஊருக்குப் போகும் என்று சொல்ல முன்வருகிற தலைவர்தான் இனிமேல் வேண்டும். அவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் அடுத்த தேர்தலில் அவரை எதிர்ப்பவருக்குப் பேச்சு தயாராக இருக்கும்.